மழுங்கிய முகமும் மயிரிழைக் கரடும்

(இராயபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியலை இந்தப் பகுதி மக்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்த அறக்கட்டளையின் நோக்கம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். பொருளை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நான் வாழ்நாளெல்லாம் காற்றியக்கவியல் கற்பித்தவன். ஆகவே, எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த ஒரு பொருளையும், அதன் மேல் ஓடிய காற்றையும் பற்றிப் பேசுகிறேன்.

1. எண்ணூருக்கு வந்த விண்கூண்டு

2014 டிசம்பர் 18 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்.3 ராக்கெட் தன் முதல் சோதனைப் பயணத்தில் கிளம்பியது. நம் எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட்டின் தலையில் இருந்தது ‘கேர்’ என்ற ஆளில்லாக் கூண்டு. நாளை மனிதரைச் சுமக்கப் போகும் கூண்டின் முன்மாதிரி அது. எடை 3,735 கிலோ, விட்டம் 3.1 மீட்டர். சுமார் 126 கி.மீ. உயரத்தில் ராக்கெட்டைப் பிரிந்து, விநாடிக்கு ஏறத்தாழ 5.3 கி.மீ. வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் விழுந்து, பாராசூட்டுகள் விரிய, அந்தமானுக்கு அருகே வங்கக்கடலில் இறங்கியது. கிளம்பியதிலிருந்து கடலைத் தொட்டது வரை எல்லாம் சுமார் 20 நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடலோரக் காவல்படையின் ‘சமுத்திர பஹரேதார்’ கப்பல் அதை எடுத்துக்கொண்டு, சில நாட்களில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

நிலக்கரியும் கார்களும் ஏறி இறங்கும் துறைமுகத்தில், விண்வெளியின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிய கூண்டு ஒன்று இறங்கியது. 2023 அக்டோபர் 21-இல், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் அவசரத் தப்பிப்புச் சோதனை நடந்தபோது, கடலிலிருந்து மீட்கப்பட்ட கூண்டைக் கடற்படை சென்னைத் துறைமுகத்துக்கே கொண்டுவந்தது. விண்வெளி நமக்குத் தூரத்துச் சமாசாரம் என்று இராயபுரத்துப் பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. போனது வந்து இறங்கும் கரை நம்முடையது.

கேர் கூண்டின் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். வேகமாகப் போகிற பொருளுக்கு அம்பு போலக் கூரான மூக்குதானே இருக்க வேண்டும்? இதற்கோ மழுங்கிப் போன, அகலமான முகம். அந்த முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டுதான் அது காற்றைக் கிழித்து வந்தது. ஏன்? அந்த முகத்தின் மேல் காற்று எப்படி ஓடியது? சீராக ஓடிய காற்று எந்த இடத்தில், எதனால் கலங்கியது? இந்தக் கடைசிக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் இன்னும் முழு விடை இல்லை. நான் இங்கே பேச வந்ததும் அதைத்தான்.

2. மூக்கு ஏன் மழுங்கியிருக்கிறது

முதலில் கணக்கு. விநாடிக்கு 5.3 கி.மீ. வேகத்தில் வரும் ஒவ்வொரு கிலோ எடையிலும் சுமார் 14 மெகா ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. அறை வெப்பநிலையில் உள்ள ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்க ஏறக்குறைய இரண்டரை மெகா ஜூல் போதும். அதாவது கூண்டின் ஒவ்வொரு கிலோவும் ஐந்து கிலோ தண்ணீரை ஆவியாக்கும் ஆற்றலோடு வருகிறது. சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் கலத்துக்கு வேகம் விநாடிக்கு எட்டு கி.மீட்டரை நெருங்கும், அங்கே கணக்கு இன்னும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். இந்த ஆற்றல் முழுவதும் சில நிமிடங்களில் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். அதில் பெரும்பங்கு கூண்டுக்குள் போனால் கூண்டு மிஞ்சாது.

அதைக் காற்றிடமே தள்ளிவிடும் வழியை 1951-இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஹாரி ஜூலியன் ஆலன் கண்டுபிடித்தார். எகர்ஸ் என்ற சக ஆய்வாளரோடு அவர் எழுதிய அறிக்கை சில ஆண்டுகள் இராணுவ இரகசியமாகவே இருந்தது. அவர் சொன்னது இதுதான்: மூக்கைக் கூராக்காதே, மழுக்கு. மழுங்கிய முகத்துக்கு முன்னால் காற்று விலக வழியில்லாமல் நெருக்குண்டு, வில் போல வளைந்த ஓர் அதிர்ச்சி அலையாக, உடலைத் தொடாமல் சற்றுத் தள்ளி நிற்கும். அந்த அலையைக் கடக்கும் காற்று பல ஆயிரம் டிகிரி சூடாகும். ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடைந்து அணுக்களாகப் பிரியும். ஆற்றலின் பெரும்பகுதி இப்படிக் காற்றைச் சூடாக்குவதிலேயே செலவாகிப் பின்னால் போய்விடும். உடலுக்கு வந்து சேருவது சிறு பங்குதான். முகத்தின் நடுப்புள்ளியில் பாயும் வெப்பம், முகத்தின் வளைவு ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆரத்தை நான்கு மடங்காக்கினால் வெப்பம் பாதியாகும்.

அமெரிக்காவின் மெர்க்குரி முதல் நம் கேர் வரை மனிதருக்காகக் கட்டிய எல்லாக் கூண்டுகளும் ஆலன் காட்டிய வழியில் வந்தவைதான்.

3. உடலை ஒட்டிய மெல்லிய அடுக்கு

அந்தச் சிறு பங்கு எப்படி உடலுக்குள் வருகிறது? அதிர்ச்சி அலைக்கும் உடலுக்கும் நடுவே சூடான காற்று இருக்கிறது. அது உடலைத் தொடும் இடத்தில் ஒட்டி நின்றுவிடுகிறது. அங்கே வேகம் பூச்சியம். சற்று மேலே போனால் முழு வேகம். பூச்சியத்திலிருந்து முழு வேகத்துக்கு ஏறும் இந்த மெல்லிய பகுதியை எல்லை அடுக்கு என்கிறோம். லுட்விக் பிராண்டல் 1904-இல் ஹைடல்பர்க் மாநாட்டில் இதை முதலில் விளக்கினார். மூன்று மீட்டர் அகலமுள்ள கூண்டில் இதன் தடிமனை மில்லிமீட்டரில்தான் பேச வேண்டும். கூண்டு பிழைக்குமா இல்லையா என்பதை இந்த மில்லிமீட்டர்கள் முடிவு செய்கின்றன.

எல்லை அடுக்கில் காற்று இரண்டு விதமாக ஓடலாம். ஒன்று, அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று கலக்காமல் வழுக்கிச் செல்லும் வரிச்சீர் ஓட்டம். இன்னொன்று, சிறிதும் பெரிதுமான சுழல்கள் மேலும் கீழும் புரண்டு எல்லாவற்றையும் கலக்கும் சுழற்சி ஓட்டம். பதினோராம் வகுப்பு இயற்பியலில் இந்த இரண்டு பெயர்களையும், ஓட்டம் இரண்டில் எது என்று கணிக்க உதவும் ரெனால்டு எண்ணையும் மாணவர்கள் படித்திருப்பீர்கள். வரிச்சீர் ஓட்டத்தில் மேலேயுள்ள சூடு, மூலக்கூறு மூலக்கூறாகக் கைமாறித்தான் உடலுக்கு வரும். சுழற்சி ஓட்டத்திலோ சுழல்கள் சூடான காற்றை வாரிக்கொண்டு வந்து உடலின் மேல் நேரே அறையும். ஒரே வேகம், ஒரே உயரம், ஒரே உடல். ஓட்டம் மாறினால் மட்டும் வெப்பம் பல மடங்கு ஏறிவிடும்.

கூண்டு மிக உயரத்தில் இருக்கும்போது காற்று மெலிந்திருக்கும். ஓட்டம் வரிச்சீராகவே இருக்கும். கீழே இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகி ரெனால்டு எண் ஏறும். எங்கோ ஓரிடத்தில் ஓட்டம் கலங்கும். வேகம் தணிந்த பிறகு கலங்கினால் கவலை குறைவு. வேகம் தணியாதபோதே கலங்கினால், கவசம் தாங்குமா என்பதே கேள்வியாகிவிடும்.

4. பெங்களூரில் அளந்தவர்கள்

வரிச்சீர் ஓட்டம் சுழற்சி ஓட்டமாக மாறும் அந்தப் பகுதியைப் புரிந்துகொண்டதில் நம் நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று சதீஷ் தவான் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972 முதல் 1984 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் என்று பலருக்குத் தெரியும். அவருடைய சொந்த ஆய்வுத் துறை எல்லை அடுக்கு என்பது சிலருக்கே தெரியும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவரும் அவருடைய மாணவர் ரொத்தம் நரசிம்மாவும் செய்த ஆய்வு 1958-இல் உலகின் முதன்மையான பாய்ம இயக்கவியல் இதழில் வெளிவந்தது. மாறும் பகுதியில் எல்லை அடுக்கு எப்படி இருக்கும் என்பதுதான் அதன் பொருள்.

அதற்கு முன் 1951-இல் ஹார்வர்டில் எம்மன்ஸ் என்பவர் மெல்லிய தண்ணீர்ப் படலம் ஓடும் பலகையில் ஒன்றைக் கவனித்தார். ஓட்டம் ஒரு கோடு கிழித்தாற்போல ஒரே இடத்தில் மாறுவதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு சுழற்சித் திட்டுகள் முளைத்து, வளர்ந்து, ஓட்டத்தோடு நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து கடைசியில் எல்லா இடத்தையும் நிரப்புகின்றன. அந்தத் திட்டுகள் கண்ட இடத்தில் முளைப்பதில்லை, ஓட்டத்தின் போக்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஒட்டியே முளைக்கின்றன என்பது நரசிம்மா கண்டது. ஆகவே மாறும் பகுதியில் ஒரு புள்ளியில் கருவியை வைத்தால், கொஞ்ச நேரம் வரிச்சீர், கொஞ்ச நேரம் சுழற்சி என்று மாறி மாறிப் பதிவாகும். எவ்வளவு பங்கு நேரம் சுழற்சி என்பதை அளந்துவிட்டால் அந்த இடத்தின் சராசரி ஓட்டத்தையே கணக்கிட்டுவிடலாம் என்று தவானும் நரசிம்மாவும் காட்டினார்கள். விமான இறக்கை முதல் விசையாழித் தகடு வரை இன்றும் பொறியாளர்கள் அந்தக் கணக்கை எடுத்தாள்கிறார்கள்.

மிகக் குறைந்த வேகக் காற்றுச் சுரங்கத்தில், எளிய கருவிகளை வைத்துக்கொண்டு, பொறுமையாக அளந்து கண்ட உண்மை அது. மாறத் தொடங்கிய பிறகு என்ன நடக்கும் என்பதை அது அழகாகச் சொல்கிறது. எந்த இடத்தில் மாறத் தொடங்கும் என்ற முதல் கேள்வி மட்டும் தனியாக நின்றது. மழுங்கிய உடலில் அது பெரும் புதிராகவே ஆகிவிட்டது.

5. மழுங்கிய உடலின் புதிர்

ஓட்டம் ஏன் கலங்குகிறது என்பதற்கு நெடுங்காலமாக இருந்துவரும் விளக்கம் இது: எல்லை அடுக்கில் எப்போதும் சின்னஞ்சிறு அதிர்வலைகள் இருக்கும். சூழ்நிலை சாதகமாக இருந்தால் அவற்றில் சில வளர்ந்து, பெருத்து, உடைந்து, சுழற்சியாகிவிடும். சாதகம் இல்லையென்றால் எல்லாம் அடங்கிவிடும். ஓட்டம் சீராகவே போகும்.

கூர்மையான கூம்பின் மேல் ஹைப்பர்சானிக் வேகத்தில், அதாவது ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில், காற்று ஓடும்போது, இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. அங்கே எல்லை அடுக்குக்குள் ஒலியலைகள் சிக்கிக்கொண்டு, சுவருக்கும் ஓட்டத்துக்கும் நடுவே மோதி மோதி வளர்கின்றன. லெஸ்லி மாக் என்பவர் கணக்கால் கண்ட இந்த அலைகள் விநாடிக்கு இலட்சக்கணக்கான முறை அதிர்பவை. சோதனைகளிலும் அவை அப்படியே தென்பட்டன.

மழுங்கிய உடலுக்கு வாருங்கள். முகத்தின் நடுவே அதிர்ச்சி அலையைக் கடந்த காற்று ஒலியைவிட மெதுவாகிவிடுகிறது. ஆகவே மாக் சொன்ன அலைகளுக்கு அங்கே இடமே இல்லை. நடுவிலிருந்து தோள்பட்டை நோக்கிக் காற்று வேகம் பிடித்துக்கொண்டே போகிறது. அப்படி முடுக்கம் பெறும் ஓட்டம் அலைகளை அடக்கும். உடலின் மேற்பரப்போ காற்றோடு ஒப்பிட்டால் மிகக் குளிர்ந்தது. அதுவும் பழைய வகை அலைகளை அடக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் சாதகம் என்பதே கிடையாது. கணக்குப்படி ஓட்டம் கடைசிவரை சீராக இருக்க வேண்டும்.

ஆனால் 1950-களிலிருந்தே சோதனைகள் வேறு கதை சொல்லி வந்தன. அலைகள் வளரவே முடியாத நிலையிலும், மிகக் குறைந்த ரெனால்டு எண்ணிலேயே ஓட்டம் கலங்கியது. இதைத்தான் இத்துறையில் மழுங்கிய உடலின் முரண் என்று சொல்கிறார்கள்.

கூம்பின் நுனியை மெல்ல மெல்ல மழுக்கிப் பார்த்தவர்களுக்கும் இதே திகைப்பு. மாக் 6-இல், அதாவது ஒலியைப்போல் ஆறு மடங்கு வேகத்தில், காற்று ஓடும் சுரங்கத்தில் ஸ்டெட்சன் என்ற ஆய்வாளர் செய்த சோதனைகள் 1983-இல் வெளிவந்தன. நுனியைச் சற்று மழுக்கினால் கலக்கம் பின்னால் தள்ளிப்போனது. இன்னும் மழுக்கினால் மேலும் தள்ளிப்போக வேண்டும். ஓர் அளவுக்கு மேல் அது திரும்பி முன்னால் வரத் தொடங்கியது. ஏன் திரும்புகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

6. கரடு செய்யும் வேலை

இந்த முரணுக்கு இப்போது நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த விடை, மேற்பரப்பின் கரடு.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, தேய்த்து, வண்ணம் அடிப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். அடி கரடாக இருந்தால் டீசல் கூடுதலாகக் குடிக்கும் என்று படகுக்காரருக்குத் தெரியும். அங்கே தண்ணீரின் ஓட்டம் ஏற்கெனவே சுழற்சிதான்; கரடு அதன் இழுவையைக் கூட்டுகிறது. விண்கூண்டில் கரடு செய்வது அதைவிடப் பெரிய வேலை. சீரான ஓட்டம் சீராக நீடிக்குமா, கலங்குமா என்பதையே அது முடிவு செய்கிறது.

1970-களில் அமெரிக்க ஏவுகணைகளின் மூக்குகளை வைத்துச் செய்த பெரிய சோதனைத் தொடரில் இது எண்களாகத் தெரிந்தது. கரட்டின் உயரம், எல்லை அடுக்கின் தடிமன், சுவருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை விகிதம் இம்மூன்றையும் சேர்த்து ஒரு வாய்பாடு அமைத்தார்கள். கரடு கூடினால் ஓட்டம் சீக்கிரம் கலங்கும் என்பது எதிர்பார்த்ததுதான். சுவர் குளிர்ந்தாலும் சீக்கிரம் கலங்கும் என்பதுதான் வியப்பு. அலைகளை அடக்கும் அதே குளிர்ச்சி, கரட்டின் கைக்கு வலுக் கொடுக்கிறது. அந்த மூக்குகளில் கலக்கத்தை உண்டாக்கிய கரடு சில பத்து மைக்ரான்தான். மனிதத் தலைமயிரின் தடிமனுக்குள் அடங்கிவிடும் அளவு.

வாய்பாடு பயன்பட்டது, காரணம் சொல்லவில்லை. அதில் உள்ள எண்கள் சோதனைப் புள்ளிகளுக்குப் பொருத்தி எடுத்தவை. முப்பது ஆண்டு கழித்து, 2004-இல் எலி ரெஷோட்கோவும் அனடோலி டூமினும் ஒரு காரணத்தை முன்வைத்தார்கள். மேற்பரப்பில் ஒரு சிறு மேடு இருக்கிறது. அதன் பின்னால் ஓட்டத்தின் திசையிலேயே நீண்ட, மெலிந்த சுழல்கள் உருவாகின்றன. அவை சுவரை ஒட்டிய மெதுவான காற்றை மேலே தூக்குகின்றன. மேலேயுள்ள வேகமான காற்றைக் கீழே இறக்குகின்றன. இதனால் எல்லை அடுக்கில் வேகமும் மெதுவுமாக நெடுக வரிவரியாகக் கோடுகள் விழுகின்றன. தனித்தனியாக எடுத்துக்கொண்டால் ஒவ்வோர் அதிர்வும் அடங்கிப் போகக்கூடியதே. ஆனால் பல அதிர்வுகள் சேரும்போது, அடங்குவதற்கு முன்னால் சிறிது நேரம் கூட்டாக வளர்கின்றன. கரடு போதுமான அளவு இருந்தால், அந்தச் சிறிது நேரத்துக்குள்ளேயே ஓட்டம் உடைந்து சுழற்சியாகிவிடும். பழைய விளக்கம் ஒவ்வோர் அலையையும் தனித்தனியாகப் பார்த்து, எல்லாம் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. கூட்டு வளர்ச்சி அதன் கண்ணில் படவில்லை.

இந்த விடையும் முழுமையானது அல்ல. ஒரேயொரு தனி மேட்டுக்கும் மணல் தூவினாற்போலப் பரவலான கரட்டுக்கும் ஓட்டம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பரவலான கரடுதான் உண்மையான கூண்டுகளில் இருப்பது. அதைக் கணக்கில் கொண்டுவருவதுதான் கடினம்.

7. ராபின்சன் உருவிய இரண்டு பட்டைகள்

இதெல்லாம் ஆய்வாளர்களின் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். 2005 ஆகஸ்ட் 3 அன்று பூமிக்கு மேலே நடந்ததைச் சொல்கிறேன்.

டிஸ்கவரி விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்தது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் கொலம்பியா விண்ணோடம் உடைந்து ஏழு பேர் உயிரிழந்த பிறகு நடந்த முதல் பயணம் அது. விண்ணோடத்தின் வயிற்றுப்புறம் முழுவதும் வெப்பத்தைத் தாங்கும் ஓடுகள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளியை அடைக்க மெல்லிய பட்டைகள். படமெடுத்துப் பார்த்தபோது இரண்டு பட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதிகம் நீண்டது இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். முப்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள கலத்தில் அது ஒரு பொருட்டா?

பொருட்டுதான். சாதாரணமாக விண்ணோடத்தின் அடிப்பகுதியில் ஓட்டம் கலங்குவது, வேகம் ஒலியைப்போல் எட்டு மடங்கு அளவுக்குத் தணிந்த பிறகு. பட்டை நீட்டிக்கொண்டிருந்த முந்தைய பயணங்கள் சிலவற்றில் அதற்கு வெகு முன்னதாகவே, அந்த வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் கலங்கியிருந்தது. இந்த முறை எவ்வளவு சீக்கிரம் கலங்கும், ஓடுகள் தாங்குமா என்று உறுதியாகச் சொல்லப் பொறியாளர்களால் முடியவில்லை. கையிலிருந்த வாய்பாடுகள் அந்த அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல. ஆகவே ஸ்டீவ் ராபின்சன் என்ற விண்வெளி வீரர் எந்திரக் கையின் நுனியில் நின்று, கலத்தின் வயிற்றுக்கு அடியில் போய், இரண்டு பட்டைகளையும் விரலால் மெல்ல உருவி எடுத்தார். சிரமமில்லாமல் வந்துவிட்டன. கலம் பத்திரமாகத் தரையிறங்கியது.

அந்த அனுபவம் வீண்போகவில்லை. 2009 மார்ச்சில் அதே டிஸ்கவரியின் இடது இறக்கையின் அடியில், ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் ஒரு மேட்டை வேண்டுமென்றே வைத்து, அதன் பின்னால் ஓட்டம் எப்போது கலங்குகிறது என்று பறக்கும்போதே அளந்தார்கள். 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஆய்வூர்தியின் நான்கரை மீட்டர் கவசத்தை, ஓட்டம் கலங்கிவிடும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு வடிவமைத்தார்கள். கவசத்துக்குள் பதித்த வெப்பமானிகள், இறங்கும்போது உண்மையாகவே கலங்கியதைப் பதிவு செய்தன.

8. கரிந்து கழியும் கவசம்

கேர் கூண்டுக்குத் திரும்புவோம். அதன் முகத்தில் பதித்தவை கார்பன் ஃபீனாலிக் ஓடுகள். இவை வெப்பத்தைத் தாங்கும் விதமே தனி. மேல்பரப்பு கரிகிறது, உள்ளேயுள்ள பிசின் சிதைந்து வாயுவாகி, கரியின் துளைகள் வழியே வெளியேறுகிறது. போகும்போது வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. கவசம் தன்னை அழித்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது.

ஆனால் கரிந்த மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதில்லை. இழைகள் தெரியும், குழிகள் விழும், ஓட்டின் விளிம்புகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும். கிளம்பும்போது பட்டறையில் அளந்த கரடு வேறு. கலங்கும் அந்தக் கணத்தில் இருக்கும் கரடு வேறு. வெளியேறும் வாயுவும் எல்லை அடுக்கைக் கலைக்கும். ஓட்டம் கலங்கினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் கரடு கூடும். கரடு கூடினால் கலக்கம் முன்னேறும். இந்தச் சுற்றைத் தரையில் அப்படியே நடத்திக்காட்டும் சோதனைக்கூடம் உலகில் எங்கும் இல்லை.

காற்றுச் சுரங்கங்களுக்கும் ஒரு குறை உண்டு. சுரங்கத்தின் சுவரில் ஓடும் எல்லை அடுக்கே சுழற்சியாகி, இரைச்சலாக மாதிரியின் மேல் பாய்ந்து, ஓட்டத்தை முன்கூட்டியே கலக்கிவிடும். இந்த இரைச்சலை அடக்கிய அமைதிச் சுரங்கங்கள் உலகில் மிகச் சிலவே. பர்டூ பல்கலைக்கழகத்தின் மாக் 6 சுரங்கம் அவற்றில் ஒன்று. நம் நாட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பல ஆண்டுகளாக ஹைப்பர்சானிக் அதிர்ச்சிச் சுரங்கங்கள் இயங்குகின்றன. திருவனந்தபுரத்தில் 2017-இல் ஒரு மீட்டர் அளவுள்ள ஹைப்பர்சானிக் சுரங்கமும் அதிர்ச்சிச் சுரங்கமும் சதீஷ் தவான் பெயரிலேயே திறக்கப்பட்டன. அதிர்ச்சிச் சுரங்கத்தில் ஓட்டம் கிடைப்பது மில்லி விநாடிகளுக்குத்தான். அதற்குள் எதுவும் கரியாது.

ஆகவேதான் பறந்து திரும்பி வந்த கூண்டு அவ்வளவு மதிப்புள்ளது. மேற்பரப்பில் ஒரு மேடு இருந்து அதன் பின்னால் ஓட்டம் கலங்கியிருந்தால், அங்கிருந்து ஆப்பு வடிவில் விரியும் தடம் பதிந்திருக்கும். கரியின் ஆழத்தை இடத்துக்கு இடம் வெட்டி அளந்தால், எங்கே எவ்வளவு வெப்பம் பாய்ந்தது என்று தெரியும். 2007 ஜனவரி 22-இல், 12 நாள் சுற்றிவிட்டு வங்கக்கடலில் இறங்கிய 550 கிலோ எஸ்.ஆர்.இ. கலம், இப்படித் திரும்பிவந்து நம் பொறியாளர்களின் கைக்குக் கிடைத்த முதல் கலம். கேர் அதற்கு அடுத்தது. இனி மனிதர் பயணம் செய்யப் போகும் கூண்டு இதே போல எரிந்துகொண்டுதான் வரும்.

9. நாம் செய்ய வேண்டியது

ஓட்டம் எங்கே கலங்கும் என்று தெரியாதபோது பொறியாளர் செய்யக்கூடியது ஒன்றுதான்: முழுவதும் கலங்கிவிடும் என்று வைத்துக்கொண்டு கவசத்தைத் தடிமனாக்குவது. உயிர்களைச் சுமக்கும் கலத்தில் அதுதான் சரி. ஆனால் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு கிலோ கவசமும் நம் அறியாமைக்குக் கொடுக்கும் வரி. அறிவு கூடினால்தான் அந்த வரி குறையும்.

அறிவு எப்படிக் கூடும்? பெரிய கணினிகள் வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறையில் இதுவரை திருப்பம் தந்தவற்றில் பல கவனமான அளவீடுகள்தாம். எம்மன்ஸ் தண்ணீர்ப் பலகையைப் பார்த்தார். தவானும் நரசிம்மாவும் சிறு சுரங்கத்தில் அளந்தார்கள். ஸ்டெட்சன் நுனியை ஒவ்வொன்றாக மழுக்கினார். மேற்பரப்பை மைக்ரான் கணக்கில் அளக்கவும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கவும், விரலால் தடவியே மேடு பள்ளம் சொல்லவும் தெரிந்த கைகள் திருவொற்றியூர், எண்ணூர்ப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் சொந்தமான வீட்டுப் பிள்ளைகள் இந்த அறிவியலுக்கு அந்நியர்கள் அல்லர். அவர்களை யாரும் இதற்கு அழைக்கவில்லை என்பதுதான் குறை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, நம் விண்வெளி நிறுவனத்துக்கு: திரும்பி வந்த கலங்களின் மேற்பரப்பில் அளந்தவற்றில் பாதுகாப்புக்கு இடையூறில்லாத பகுதியைக் கல்லூரி மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். பொது மக்களின் பணத்தில் கிடைத்த அளவீடுகள் பல கண்களால் பார்க்கப்பட்டால் இன்னும் பலன் தரும்.

இரண்டாவது, இந்த அறக்கட்டளையாருக்கும் இங்குள்ள பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும்: ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் மான்செஸ்டரில் செய்த சோதனையை இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் செய்துகாட்டுங்கள். நீண்ட கண்ணாடிக் குழாய், தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் மை. வேகம் குறைவாக இருக்கும்போது மை நூலிழை போல நேராகப் போகும். வேகம் கூடினால் ஓரிடத்தில் குலைந்து குழாய் முழுவதும் பரவும். இது சின்னப் பிள்ளைகள் வேடிக்கை அல்ல. நேரான குழாயில் ஓடும் ஓட்டத்திலும் கணக்குப்படி எந்தச் சிறு அலையும் வளரக் கூடாது, ஆனாலும் கலங்குகிறது. தொட்டியை அசையாமல் வைத்து, குழாய் வாயை வழவழப்பாக்கினால் கலக்கம் வெகுவாகத் தள்ளிப்போகும். ரெனால்ட்ஸே அதைப் பார்த்தார். விண்கூண்டின் முகத்தில் இருக்கும் அதே புதிர் அந்தக் கண்ணாடிக் குழாயிலும் இருக்கிறது.

மூன்றாவது, மாணவர்களுக்கு: அந்தக் குழாய் கிடைத்ததும் மை எங்கே குலைகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். குழாயின் வாயில் உப்புத்தாளால் ஒரு கீறல் போட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அவர் சொல்லும் விடை உங்களுக்குப் போதவில்லை என்றால், நீங்கள் இந்தத் துறைக்கு வர வேண்டியவர்கள். வாருங்கள், செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சம் இருக்கிறது.